கணினியின் நோயையும் காட்டிக்கொடுக்கும் காப்புக் கருவி: ரெஸ்டிக் பற்றி ஒரு மதிப்பீடு

ரெஸ்டிக் என்னும் காப்புப்பிரதி மென்பொருளை நான்கு ஆண்டுகளாக இரண்டு கணினிகளிலும், நான் பராமரிக்கும் மூன்று சிறிய இணையதளங்களிலும் நாள்தோறும் பயன்படுத்திவருகிறேன். கோப்பு எதுவும் தொலையாத ஒரு நாளில்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. மாதந்தோறும் ஓட்டும் சரிபார்ப்பின்போது, காப்புக் களஞ்சியத்தில் ஒரு பொதிக்கோப்பின் (காப்பின் துண்டுகளைச் சேர்த்துவைக்கும் கோப்பு) உள்ளடக்கம் அதன் ஹேஷ் மதிப்போடு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், விரல்ரேகை போன்ற எண்) பொருந்தவில்லை என்று அது பிழை காட்டியது. வன்தட்டுதான் பழுது என்று முடிவுகட்டி, தன் உடல்நிலையைப் பற்றித் தட்டே வைத்திருக்கும் ஸ்மார்ட் அளவீடுகளைப் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களும் (தட்டின் சிறு பகுதிகள்) இல்லை, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களும் இல்லை. அதே சரிபார்ப்பை மறுபடியும் ஓட்டினேன். இம்முறை பிழை வேறொரு பொதியில் வந்தது. தட்டில் எழுதப்பட்டது கெட்டிருந்தால் பிழை இடம் மாறாது. இடம் மாறுகிறது என்றால் படித்துக் கணக்கிடும் வழியில் எங்கோ கோளாறு இருக்க வேண்டும். மெம்டெஸ்ட்86+ கொண்டு இரவு முழுவதும் நினைவகத்தைச் சோதித்ததில், இரண்டு ரேம் அட்டைகளில் ஒன்று குறிப்பிட்ட சில முகவரிகளில் மட்டும் தவறிக்கொண்டே இருந்தது தெரிந்தது. அந்தக் கணினி அதுவரை ஒருமுறைகூட உறைந்து நின்றதில்லை, நீலத்திரை காட்டியதில்லை. காப்பெடுக்க வைத்திருந்த கருவி சொல்லியிராவிட்டால், அந்த அட்டை என் கோப்புகளில் அங்கொரு பிட்டும் இங்கொரு பிட்டுமாக இன்னும் எத்தனை மாதம் கெடுத்துக்கொண்டிருந்திருக்குமோ தெரியாது.

பராமரிப்பு வேறு, காப்புப்பிரதி வேறு என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்று காட்டியது இந்த மென்பொருள்தான். அதன் சிறப்புகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன: வன்பொருளையோ சேமிப்பகத்தையோ அது நம்புவதில்லை, ஆனால் பயன்படுத்துபவரை மிக அதிகமாக நம்பிவிடுகிறது.

ரெஸ்டிக் 'கோ' என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்டது. பிஎஸ்டி உரிமத்தின்கீழ் வெளிவரும் கட்டற்ற மென்பொருள். ஒரே ஓர் இயங்கு கோப்புதான். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஏறத்தாழ அதே கட்டளைகள். வெளி வன்தட்டு, எஸ்எஃப்டிபி வழியாக எட்டக்கூடிய இன்னொரு கணினி, எஸ்3 வகைச் சேமிப்பகம், ஆர்க்ளோன் என்னும் நிரலின் துணையோடு வேறு பல மேகச் சேமிப்பகங்கள் என எதையும் களஞ்சியமாக்கிக்கொள்ளலாம். உள்ளே போகும் அனைத்தும் நமது கணினியிலேயே ஏஇஎஸ்-256 முறையில் குறியாக்கப்பட்ட பிறகுதான் வெளியேறுகின்றன. குறியாக்கத்தை அணைத்துவைக்கும் வசதியே கிடையாது. சேமிப்பகத்தை நடத்துபவருக்கு நம் கோப்புகளின் பெயர்கூடத் தெரியாது.

கோப்புகளை அது துண்டாக்கும் விதம்தான் அதன் உயிர்நாடி என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு கோப்பைச் சம அளவில் துண்டு போட்டால், அதன் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் அடுத்துள்ள எல்லாத் துண்டுகளின் எல்லைகளும் நகர்ந்துவிடும். முழுக் கோப்பும் புதியதாகவே தோன்றும். ரெஸ்டிக், மூங்கிலைச் சாண் அளந்து வெட்டாமல் கணு பார்த்து வெட்டுவதுபோல, உள்ளடக்கத்திலேயே தென்படும் அடையாளத்தைப் பார்த்து வெட்டுகிறது. துண்டுகள் 512 கிலோபைட் முதல் 8 எம்பி வரை, சராசரியாக 1 எம்பி அளவில் அமைகின்றன. நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால் அந்தப் பத்தி விழுந்த துண்டு மட்டுமே மாறும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் ஷா-256 ஹேஷ் மதிப்பே பெயர் என்பதால், அதே உள்ளடக்கம் எந்தக் கோப்பில், எந்தக் கணினியில் வந்தாலும் ஒருமுறைதான் சேமிக்கப்படும். பெயரே உள்ளடக்கத்தின் சாட்சியாகவும் இருக்கிறது. என் பழுதான ரேம் அட்டை பிடிபட்டதும் இந்தச் சாட்சியால்தான்.

இதனால் விளையும் நடைமுறைப் பயன் பெரிது. பழைய முறையில் வாரம் ஒரு முழுக் காப்பும் நாள்தோறும் அதன்மேல் மாற்றங்களும் எடுத்தால், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்கடுத்த நாள்கள் எல்லாம் பயனற்றுப்போகும். ரெஸ்டிக்கின் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் (ஒருமுறை எடுத்த காப்பின் பதிவு) பயன்படுத்துபவருக்கு முழுக் காப்பாகவே தெரிகிறது. எந்த நாளையும் அழிக்கலாம், மற்ற நாள்கள் குலைவதில்லை. முதல் நாள் காப்பு மணிக்கணக்கில் ஓடியது. அதன்பின் மாறாத புகைப்படங்களும் ஆவணங்களும் நிறைந்த என் கணினியில் நாள்காப்பு சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. சுமையாக இல்லாத வேலையைத்தான் மனிதர்கள் தொடர்ந்து செய்வார்கள்.

இணையதளங்களுக்கு இதைப் பயன்படுத்துவதில் நான் தொடக்கத்தில் செய்த தவறு ஒன்று உண்டு. தரவுத்தளத்தை, அதன் உள்ளடக்கத்தை ஒரு டம்ப் கோப்பாக எழுதித்தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவி கொண்டு எடுத்து, இடம் மிச்சமாகட்டும் என்று ஜிஜிப்பால் சுருக்கி, அதை ரெஸ்டிக்கிடம் கொடுத்துவந்தேன். களஞ்சியம் நாளுக்கு நாள் வீங்கியது. சுருக்கப்பட்ட கோப்பில், மூலத்தில் ஒரு வரி மாறினாலும் அந்த இடத்திலிருந்து முழுவதும் வேறாகிவிடுவதால், கணு பார்த்து வெட்டும் அந்தத் திறமைக்கு வேலையே இல்லாமல் போனது. இப்போது சுருக்காமலே கொடுக்கிறேன். 2022இல் வந்த 0.14 பதிப்பிலிருந்து ரெஸ்டிக்கே துண்டுகளை இசட்எஸ்டி முறையில் சுருக்கிக்கொள்கிறது. அதற்குமுன் உருவாக்கிய களஞ்சியம் உங்களிடம் இருந்தால், அதைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் மைக்ரேட் கட்டளையை ஒருமுறை ஓட்டினால்தான் இந்தப் பயன் கிட்டும்.

தரவுத்தளத்தை எடுக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இன்னோடிபி வகை அட்டவணைகள் உள்ள தளத்தில் 'சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்' தெரிவைச் சேர்த்தால், வாசகர் யாரேனும் அந்நேரத்தில் கருத்து எழுதிக்கொண்டிருந்தாலும் ஒரே கணத்தின் நிலை கிடைக்கும், தளமும் பூட்டப்படாது. வழக்கமான அமைப்பில், வேலை முழுமையாக முடிந்தால் டம்ப் கோப்பின் கடைசி வரியில் முடிந்த நேரம் பதியப்படும். அந்த வரி இருக்கிறதா என்று பார்க்காமல் என் ஸ்கிரிப்ட் இப்போது காப்பைத் தொடங்குவதில்லை. பாதியில் அறுந்த டம்ப் கோப்பையும் ரெஸ்டிக் பணிவோடு வாங்கிக் குறியாக்கம் செய்து பத்திரப்படுத்தும். தனக்குக் கொடுக்கப்பட்டது சரியானதா என்று கேட்பது அதன் வேலையல்ல.

வேர்ட்பிரஸ் தளமானால் தரவுத்தளம், டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறை, டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பு, எச்டிஅக்சஸ் கோப்பு ஆகிய நான்கும் கையில் இருந்தால் போதும். மென்பொருளின் மையக் கோப்புகளை எப்போதும் புதிதாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். கேஷ் கோப்புறையை விலக்கிவிட வேண்டும். ஒருகாலத்தில் நானும் செருகுநிரல் ஒன்றை நிறுவி, அது வாரந்தோறும் உருவாக்கும் ஜிப் கோப்பைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். அந்த ஜிப் கோப்புகள் எல்லாம் அதே சர்வரில், அதே தளத்தின் கோப்புறைக்குள்ளேயே குவிந்துகொண்டிருந்தன என்பது, ஒதுக்கப்பட்ட இடம் நிரம்பித் தளம் நின்றபோதுதான் உறைத்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து எஸ்பிஜி2 என்னும் கட்டடம் முழுவதும் எரிந்தபோது, காப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த தள உரிமையாளர்கள் சிலர் இரண்டையும் ஒருசேர இழந்தனர். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் 3-2-1 விதியில் கடைசி எண்ணே மிகவும் சோம்பலுக்கு ஆளாவது.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் அதன் மௌனம். ரெஸ்டிக் தானாக ஓடாது. எப்போது ஓட வேண்டும் என்பதை லினக்ஸில் கிரானோ சிஸ்டம்டி டைமரோ, விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரோதான் சொல்ல வேண்டும். மடிக்கணினியில் கிரானை நம்பினால், குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அன்றைய காப்பு இல்லை. சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' என்ற தெரிவை இட்டால் தவறிய முறையைக் கணினி எழுந்ததும் ஓட்டிவிடும். ஓடி, தோற்றுப்போனால் யாருக்குச் சொல்வது என்பதும் நம் பொறுப்பே. கடவுச்சொல் வைத்திருந்த கோப்பின் அனுமதியை நான் அறியாமல் மாற்றிவிட்டதால், ஒருமுறை பதினொரு நாள்கள் என் காப்பு ஓடவே இல்லை. ரெஸ்டிக் ஒவ்வோர் இரவும் ஒழுங்காகப் பிழைச்செய்தி எழுதிக்கொண்டுதான் இருந்தது. யாரும் திறந்து பார்க்காத ஒரு பதிவுக் கோப்பில்.

இதில் எனக்குத் துணையாக ஒரு பெரிய நிறுவனமே உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தளம் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்துவிட்டார். காப்புகளைத் தேடிப்போனால், வழக்கமாக எடுக்கப்பட வேண்டிய டம்ப், கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களோ, அனுப்புநர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் டிமார்க் முறை அவற்றுக்கு அமைக்கப்படாததால் பெறும் சர்வரால் நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீண்டார்கள். தோற்றால் சொல் என்று ஏற்பாடு செய்வதைவிட, வெற்றி பெற்றால் சொல், சொல்லாவிட்டால் நான் கவலைப்படுகிறேன் என்று ஏற்பாடு செய்வதே சரி என்று நான் புரிந்துகொண்டது அதன்பிறகுதான். இப்போது நாள்தோறும் என் மற்றொரு கணினி களஞ்சியத்தின் கடைசி ஸ்னாப்ஷாட்டின் தேதியைப் பார்க்கிறது. 36 மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புகிறது. இதை ரெஸ்டிக்கே செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இது தேவை என்பதைப் புதிதாக வருபவருக்கு இன்னும் உரக்கச் சொல்லலாம்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்பு எடுக்கையில் சில கோப்புகளை மட்டும் படிக்க முடியாமல் போனால் ரெஸ்டிக் 3 என்ற வெளியேற்ற எண்ணைத் தரும். ஸ்னாப்ஷாட் உருவாகியிருக்கும், ஆனால் குறையுள்ளதாக. இதை வெற்றி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, முழுத் தோல்வி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்டோஸில் அவுட்லுக்போன்ற நிரல்கள் திறந்து வைத்திருக்கும் கோப்புகளால் இது அடிக்கடி நேரும். திறந்திருக்கும் கோப்புகளின் அக்கண நிலையைப் பிடித்துத்தரும் விஎஸ்எஸ் தெரிவை நிர்வாகி உரிமையோடு பயன்படுத்தினால் தீர்ந்துவிடும்.

பழைய ஸ்னாப்ஷாட்களைக் கழிக்கும் முறையும் புதியவர்களைக் குழப்பும். 'ஃபர்கெட்' என்னும் கட்டளை பட்டியலிலிருந்து பெயரை மட்டுமே நீக்கும். இடம் விடுபட 'ப்ரூன்' தேவை. ஏழு நாள்கள், நான்கு வாரங்கள், பன்னிரண்டு மாதங்கள் என்று வைத்திருக்கச் சொல்லி, முதலில் 'ட்ரை-ரன்' தெரிவோடு ஓட்டி எவை போகப்போகின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டே அடுத்த அடி வைப்பது என் வழக்கம். ஒருகாலத்தில் ப்ரூன் ஓடத் தொடங்கினால் அந்த நாளே போய்விடும். 2021இல் வந்த 0.12 பதிப்பு அதை வெகுவாக விரைவுபடுத்தியது. மிகப் பெரிய களஞ்சியங்களில் அட்டவணை முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதால், குறைந்த ரேம் கொண்ட சிறு சர்வர்கள் திணறும். இந்தக் குறை இன்னும் இருக்கிறது.

வரைகலை முகப்பு கிடையாது. பேக்ரெஸ்ட்போன்ற பிறருடைய முகப்புகள் உலாவியில் இயங்கும். அவை நன்றாகவே உள்ளன என்றாலும், கட்டளை வரி என்றாலே தயங்குபவருக்கு நான் ரெஸ்டிக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்னாப்ஷாட்டை ஒரு கோப்புறைபோல ஏற்றி உலாவிப் பார்க்கும் 'மவுன்ட்' என்னும் அருமையான வசதி விண்டோஸில் இல்லை.

போர்க்பேக்கப் என்னும் இன்னொரு காப்பு மென்பொருளோடு ஒப்பிடச் சொல்லிப் பலர் கேட்பதுண்டு. போர்க், துண்டாக்கும் கலையில் ரெஸ்டிக்குக்கு இணையானது. சுருக்கும் வசதி அதில் ரெஸ்டிக்குக்கு வெகு முன்பே இருந்தது. மறுமுனையிலும் போர்க் நிறுவப்பட்டிருந்தால் எஸ்எஸ்எச் வழியாக மிகத் திறமையாக இயங்கும். லினக்ஸ் கணினியிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு என்று மட்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுக்கலாம். விண்டோஸ் ஒன்று இடையில் வந்தாலோ, மறுமுனை வெறும் மேகச் சேமிப்பகமாக இருந்தாலோ ரெஸ்டிக்தான் வசதி. கோப்புறைகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி மட்டும் போதாதா என்பவர்களுக்கு, 'டிலீட்' தெரிவோடு ஓடும் ஆர்சிங்க் நம் தவறையும் விசுவாசமாக நகலெடுக்கும் என்பதே பதில். மேக ஒத்திசைவுக் கோப்புறைகளுக்கும் அதேதான் பொருந்தும்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் மாதாந்தரப் பராமரிப்பின் வரிசை ரெஸ்டிக்கைச் சுற்றியே அமைந்துவிட்டது. எதையும் துடைப்பதற்கும் அழிப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் முன் ஒரு காப்பு. அதன்பின் வன்தட்டுகளின் ஸ்மார்ட் அளவீடுகள். குறிப்பாக, கெட்ட செக்டர்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகள், எஸ்எஸ்டி ஆனால் எஞ்சிய ஆயுள் விழுக்காடு. அதன்பின்தான் இயங்குதளப் புதுப்பிப்பு, தேவையற்ற நிரல்களை நீக்குதல், இணையதளச் செருகுநிரல்களைப் புதுப்பித்தல். விசிறியில் படிந்த தூசியைத் தட்டுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எஸ்எஸ்டியை டீஃப்ராக் செய்ய வேண்டியதில்லை என்பதை இன்றும் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாகச் சரிபார்ப்பு. 'செக்' கட்டளையை வெறுமனே ஓட்டினால் களஞ்சியத்தின் கட்டமைப்பு மட்டுமே சோதிக்கப்படும். உள்ளிருக்கும் தரவு படிக்கப்படாது. பலர் இதை அறியாமல் திருப்தியடைந்துவிடுகிறார்கள். முழுவதையும் படிக்கச் சொன்னால், தொலைவிலுள்ள சேமிப்பகத்திலிருந்து எல்லாம் இறங்க வேண்டும். இதற்கு ரெஸ்டிக் தரும் வழி எனக்கு மிகவும் பிடித்தது: களஞ்சியத்தைப் பன்னிரண்டு பங்காக்கி, ஜனவரியில் முதல் பங்கு, பிப்ரவரியில் இரண்டாம் பங்கு என்று மாதம் ஒன்றாகப் படித்துச் சரிபார்க்கலாம். ஓராண்டில் ஒவ்வொரு பொதியும் ஒருமுறையாவது கண்ணில் பட்டுவிடும். முன்பு சொன்ன ரேம் அட்டை பிடிபட்டது இப்படி ஏழாம் பங்கைப் படித்தபோதுதான். அட்டையை மாற்றியபின் முழுக் களஞ்சியத்தையும் படித்துப் பார்த்ததில் மூன்று பொதிகள் உண்மையிலேயே கெட்டிருந்தன. எழுதும்போதே பிழையோடு எழுதப்பட்டவை. ரிப்பேர் கட்டளையால் அவற்றை ஒதுக்கிவிட்டுக் காப்பை மறுபடி ஓட்டியபோது, மூலக் கோப்புகள் இன்னும் கணினியில் இருந்தவரை, விடுபட்ட துண்டுகள் மீண்டும் உள்ளே வந்து பழைய ஸ்னாப்ஷாட்களும் நலமாயின. ஒரே ஒரு பழைய ஒளிப்பதிவு மட்டும் மூலத்தில் அழிக்கப்பட்டிருந்தது. அது என் இரண்டாவது களஞ்சியத்தில் முழுதாக இருந்தது. முதல் களஞ்சியத்தை அப்படியே நகலெடுத்து இரண்டாவதை உருவாக்கியிருந்தால் அந்தப் பிழையும் கூடவே நகலாகியிருக்கும். தனியாகத் தொடங்கி, தனியாகக் காப்பெடுத்துவந்ததால் தப்பித்தேன்.

இணையதளம் நடத்துபவர்கள் இன்னொரு கோணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காப்பை எழுதும் சாவி சர்வரிலேயே இருப்பதால், தளத்துக்குள் புகுந்தவர் காப்பையும் அழிக்க முடியும். ரெஸ்டிக் குழுவினரே வழங்கும் ரெஸ்ட்-சர்வர் என்னும் துணை நிரலைச் 'சேர்க்க மட்டும்' என்ற நிலையில் ஓட்டினால், சர்வரால் புதிய ஸ்னாப்ஷாட்களை எழுத முடியும், பழையவற்றை நீக்க முடியாது. கழிக்கும் வேலையை வேறொரு நம்பகமான கணினியிலிருந்து செய்ய வேண்டும். அதிலும் ஒரு சூழ்ச்சிக்கு இடமுண்டு: புகுந்தவர் பல நாள்களின் தேதியிட்ட போலி ஸ்னாப்ஷாட்களை எழுதிவைத்தால், 'கடைசி ஏழு' என்று எண்ணிக் கழிக்கும் விதி உண்மையானவற்றைக் கழித்துவிடும். எண்ணிக்கையை விடுத்துக் கால அளவைச் சொல்லும் 'கீப்-விதின்' விதி இங்கே பாதுகாப்பானது. எப்போதும் செருகியே வைத்திருக்கும் வெளி வன்தட்டை நம்புபவர்களுக்கு இத்தனை வழிகளும் இல்லை. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீம்பொருள் அதையும் சேர்த்தே பூட்டும்.

கடவுச்சொல்லை இழந்தால் களஞ்சியம் வெறும் இரைச்சல். மீட்க ஒரு வழியும் இல்லை, விண்ணப்பிக்க ஓர் அலுவலகமும் இல்லை. ஆனால் ஒரே களஞ்சியத்துக்குப் பல கடவுச்சொற்களை வைத்துக்கொள்ளலாம் என்பதால் என் மனைவிக்கென்று ஒன்றைச் சேர்த்து, மீட்கும் முறையை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சொல்லோடு உறையிலிட்டுத் தந்தேன். சென்ற ஆண்டு, நான் பக்கத்தில் இல்லாமல், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பப் புகைப்படக் கோப்புறை ஒன்றை மீட்டுப் பார்க்கச் சொன்னேன். கட்டளைகளில் அவருக்குத் தடங்கல் ஏதும் வரவில்லை. களஞ்சியம் இருக்கும் வன்தட்டை எந்த அலமாரியில் வைத்திருக்கிறேன் என்பதை நான் எழுத மறந்திருந்ததால், அதைத் தேடுவதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. அந்த வரியை இப்போது தாளின் முதல் வரியாகச் சேர்த்திருக்கிறேன்.